காற்றும் கணக்கும்

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் உழவர் கண்ட பழமொழி. நெல்லைக் களத்தில் குவித்து வைத்துவிட்டுக் காற்று வருமா வருமா என்று வானத்தைப் பார்த்து நின்றவர் வாயிலிருந்தே இச்சொல் பிறந்திருத்தல் வேண்டும். கிடைத்த வாய்ப்பை நழுவவிடாதே என்னும் அறிவுரையாகவே இதனை நாம் வகுப்பறையில் விளக்கி வருகிறோம். அவ்விளக்கம் சரியே. ஆயினும் அப்பழமொழியினுள் இன்னோர் உண்மையும் அடங்கிக் கிடக்கிறது. காற்று நம்மிடம் கூலி கேட்பதில்லை. ஆனால் நாம் அழைத்தபோது வருவதும் இல்லை. அது வராத நேரத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும்.

இவ்வுண்மையைக் கடலோடிகள் நன்கு அறிந்திருந்தனர். கரிகால் வளவனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவன் முன்னோனைக் காற்றை வசப்படுத்திக் கலம் செலுத்தியவன் எனப் புகழ்வதைப் புறநானூற்றின் 66-ஆம் பாடலில் காண்கிறோம். பருவக் காற்றின் துணை கொண்டே தமிழர், குசராத்தியர், அரேபியர் முதலியோரின் மரக்கலங்கள் கடாரத்துக்கும் பிற்காலத்தில் மலாக்காவுக்கும் வந்து சேர்ந்தன. வந்த கலங்கள் உடனே திரும்ப இயலாது. காற்றுத் திசை மாறும்வரை திங்கட்கணக்கில் துறையிலேயே தங்க வேண்டும். அதுவரை மாலுமிகளுக்குச் சோறு வேண்டும். சரக்குக்குக் கிடங்கு வேண்டும். முதல் போட்டவர் வட்டியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலாக்கா நகரின் செழிப்பில் ஒரு பங்கு, கப்பல்கள் இவ்வாறு காத்துக் கிடந்ததால் வந்த செழிப்பேயாகும். பாயை உந்திய காற்றுக்கு எவரும் காசு கொடுக்கவில்லை, காத்திருப்புக்குக் கொடுத்தனர்.

அந்த மலாக்காவை 1641-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியவர் ஒல்லாந்தர். டச்சுக்காரர் என்று நம் பள்ளி நூல்கள் குறிப்பிடுவோர் இவரே. அதே 1641-ஆம் ஆண்டில் அவர்களுடைய தாயகத்தில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் யான் அட்ரியான்சூன் லேக்வாட்டர் என்னும் ஆலைத் தச்சர். ஆம்ஸ்டர்டாம், ஹார்லம், லைடன் என்னும் மூன்று நகரங்களுக்கு நடுவே பரந்து கிடந்த ஹார்லம் ஏரியை 160 காற்றாலைகளைக் கொண்டு இறைத்து வற்றச் செய்யலாம் என்பது அவர் கூற்று.

அந்த ஏரி வற்றத்தான் செய்தது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே வற்றியது; அதனை வற்றச் செய்தவற்றுள் ஒரு காற்றாலைகூட இல்லை. உலகிலேயே காற்றை மிகத் திறமையாக வேலை வாங்கிய ஒரு மக்கள், தம் மிகப் பெரிய பணியில் அதனை ஏன் ஒதுக்கினர்? ‘பழையது கழிந்தது, புதியது வென்றது’ என்று ஒரே வரியில் விடை கூறுவார் உளர். வரலாற்றை ஆராயின் அவ்விடை போதாது என்பது விளங்கும்.

தாழும் நிலம்

ஒல்லாந்தின் மேற்குப் பகுதி, மட்கிய செடிகொடிகளாலான புல்கரி மண் நிறைந்த சதுப்பு நிலம். பயிரிடும் பொருட்டு மக்கள் அதில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். நீர் வடிந்ததும் அம்மண் சுருங்கியது. காற்றுப் பட்டு மட்கியும் போயிற்று. ஆகவே நிலமட்டம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் மீண்டும் நீர் தேங்கியது. மீண்டும் வடித்தனர், மீண்டும் தாழ்ந்தது. போதாக்குறைக்கு, அடுப்பெரிக்கவும் தொழிலுக்கும் அப்புல்கரியையே வெட்டி எடுத்தனர். வெட்டிய பள்ளங்கள் ஏரிகளாயின. ஏரிகளின் கரைகளைப் புயல் அரித்துத் தின்றது. இவ்வாறு மனிதர் கையாலேயே நிலம் நீருக்குக் கீழே இறங்கிற்று.

முதலில், கடல் நீர் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்தால் நீர் தானே ஓடி வடிந்தது. நிலம் மேலும் தாழவே, நீரை மேலே ஏற்றி வெளியே விடும் கருவி தேவைப்பட்டது. நீர் இறைக்கும் காற்றாலையைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, அல்க்மார் நகரப் பகுதியில் 1408-ஆம் ஆண்டை ஒட்டிக் கிடைக்கிறது. அன்றுமுதல் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் அந்நாட்டின் உயிரைக் காத்தவை காற்றாலைகளே எனலாம்.

ஆலையின் அமைப்பு எளியது. நான்கு நீண்ட இறக்கைகள். அவற்றின்மேல் விரிக்கும் பாய்த்துணி. இறக்கைகளோடு சுழலும் அச்சு. அச்சின் சுழற்சியைக் கீழே கொண்டுவரும் மரப் பற்சக்கரங்கள். அடியில் நீரை வாரி மேல் வாய்க்காலில் ஊற்றும் பெருஞ்சக்கரம். ஒரு பெரிய ஆலை நல்ல காற்றில் நிமிடத்துக்கு 40 முதல் 60 கன மீட்டர் நீரை வாரித் தரும். ஆயினும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்துக்குமேல் ஒரு சக்கரத்தால் ஏற்ற இயலாது. பள்ளம் ஆழமாயின், ஒன்றின் பின் ஒன்றாக மூன்று நான்கு ஆலைகளைப் படிக்கட்டுப்போல் அமைக்க வேண்டும். கீழ்ப்படியில் உள்ளது இறைத்ததை அடுத்தது வாங்கி இறைக்கும்.

இம்முறையில் ஒல்லாந்தர் ஆற்றிய பணிகள் வியப்புக்குரியன. 1612-ஆம் ஆண்டில் பேம்ஸ்டர் என்னும் ஏரியை வற்றச் செய்து 7,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட விளைநிலத்தைப் பெற்றனர். அதில் 43 ஆலைகள் உழைத்தன. பணம் போட்டவர் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம் வணிகர். அவர்களுள் முதன்மையான டிர்க் வான் ஓஸ், பின்னாளில் மலாக்காவைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கும்பினியின் தொடக்ககால இயக்குநர்களுள் ஒருவர். பாயை உந்திய காற்றால் கீழைக் கடல்களில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி, ஆலையை உந்திய காற்றால் நிலமாக மாறியது என்று கூறலாம். 1635-ஆம் ஆண்டில் 52 ஆலைகளைக் கொண்டு ஸ்கெர்மர் ஏரியும் வற்றியது. இவ்வெற்றிகளைக் கண்ணால் கண்டு, பேம்ஸ்டரில் ஆலைப் பணியைத் தாமே மேற்பார்த்தவர் லேக்வாட்டர். 160 ஆலைகள் என்று அவர் துணிந்து எழுதியதில் வியப்பில்லை.

ஆலைக்குள் மறைந்த செலவு

காற்று இலவசமாயின், ஆலை கட்டி முடித்த பின்னர்ச் செலவு ஏது என்று கேட்கத் தோன்றும். ஆலைக்குள் நுழைந்து பார்ப்பின் அதற்கு விடை கிடைக்கும்.

முதலாவது, பேணும் செலவு. பாய்த்துணி வெயிலிலும் மழையிலும் நைந்து போகும். மரப் பற்கள் தேயும். ஒவ்வொன்றாய் மாற்ற வேண்டும். அச்சு சுழலுமிடத்தில் கொழுப்பும், பற்களில் தேன்மெழுகும் தடவிக்கொண்டே இருத்தல் வேண்டும். நாணற்புல் வேய்ந்த கூரையைப் புதுப்பிக்க வேண்டும். புயல் வந்தால் இறக்கை முறியும். பிடிப்புக்கட்டை இறக்கைகளை நிறுத்த மாட்டாமல் உராயுமாயின், மரத்தில் தீப்பற்றி ஆலை முழுவதும் எரிந்து போவதும் உண்டு.

இரண்டாவது, ஆள் செலவு. ஆலைக்காரர் குடும்பத்தோடு ஆலையிலேயே வாழ்ந்தார். காற்று நள்ளிரவில் எழுந்தால் அவரும் நள்ளிரவில் எழ வேண்டும். காற்றுத் திசை மாறுந்தோறும் ஆலையின் தலைப்பகுதியை உருளை கொண்டு திருப்ப வேண்டும். காற்று வலுத்தால் பாயைச் சுருக்க வேண்டும். தளர்ந்தால் விரிக்க வேண்டும். கூலியோ சொற்பம். தோட்டக் காய்கறியாலும் வாய்க்கால் மீனாலும் எஞ்சிய வயிற்றை நிரப்பிக்கொண்டார். அவர் மனைவி மக்கள் செய்த உழைப்பை எந்தக் கணக்கேட்டிலும் எவரும் எழுதவில்லை.

மூன்றாவது, காற்றில்லா நாளின் செலவு. காற்றின் வேகம் பாதியானால் ஆற்றலும் பாதியாகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியாகக் குறைந்தால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே மெல்லிய காற்றில் இறக்கை சுழன்றாலும் நீர் ஏறாது. மழை பெய்து காற்று ஓய்ந்த வாரங்களில் புல்வெளிகள் நீரில் மூழ்கின, வசந்த காலத்தில் மாடுகளை மேய்ச்சலுக்கு விடுவது தள்ளிப் போயிற்று, விதைப்பும் தாழ்ந்தது. இவ்விழப்பு ஆலையின் ஏட்டில் வராது. உழவன் வீட்டு ஏட்டில்தான் வரும்.

நான்காவது, காற்று மிகுந்த நாளின் செலவு. இது பலரும் எண்ணிப் பாராதது. ஆலைகள் இறைத்த நீர் நேரே கடலுக்குப் போவதில்லை. வழியில் உள்ள வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் முதலில் தங்கும். கடல் வற்றும்போதுதான் அங்கிருந்து வெளியேறும். புயற்காலத்தில் கடல் உயர்ந்து நிற்க, இத்தேக்கம் நிரம்பிவிடும். அப்போது குறித்த அளவை நீர் எட்டியதும், ‘இறைப்பை நிறுத்துக’ என்ற ஆணை பிறக்கும். பகலில் கொடியும் இரவில் விளக்கும் அதற்கு அடையாளம். காற்று வீசும், ஆலை நல்ல நிலையில் இருக்கும், வயல் மூழ்கிக் கிடக்கும், ஆலைக்காரரோ கைகட்டி நிற்பார். ஏற்றுக்கொள்ள இடமில்லாவிடின், கிடைத்த ஆற்றலும் பயன்படாது.

இச்செலவுகளை ஒல்லாந்தர் முற்றிலும் மறைந்து கிடக்க விட்டுவிடவில்லை என்பதும் கூறத் தக்கது. நீரை ஆள்வதற்கென்றே அவர்கள் நீர்வாரியங்களை அமைத்துக்கொண்டனர். ரைன்லாந்து நீர்வாரியம் 13-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. நிலம் உடையவர் நிலத்தின் அளவுக்கேற்ப வரி செலுத்தினர்; ஆலையும் கரையும் மதகும் அவ்வரியால் பேணப்பட்டன. நீர் வடிய வேண்டுமானால் ஆண்டுதோறும் பணம் வேண்டும் என்பதைச் சிறு குடியானவனும் அறிந்திருந்தான்.

நீராவி வந்தும் வெல்லாத காலம்

இனி, நீராவியின் வருகையைக் காண்போம். ராட்டர்டாம் நகரின் கடிகாரத் தொழிலர் ஸ்டீவன் ஹூகண்டைக், 1776-ஆம் ஆண்டளவில் நியூகோமன் முறையில் ஒரு நீராவிப் பொறியை அமைக்கச் செய்தார். அது நன்கு பயன்படவில்லை. பின்னர் 1787-ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த பிளைடார்ப் என்னுமிடத்தில் சேம்சு வாட்டின் பொறி ஒன்று நிறுவப்பட்டது. அது நன்றாகவே நீரை இறைத்தது. காற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறி இயங்கும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

அப்படியிருந்தும் ஆலைகள் ஒழிந்துவிடவில்லை. அடுத்த அரை நூற்றாண்டிலும் காற்றாலைகளே பெரும்பான்மையாக இருந்தன. ஒல்லாந்தர் பழமையில் ஊறியவர் என்பது இதற்குக் காரணமன்று. நீராவிக்கும் மறைந்த செலவு இருந்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் நிலக்கரி கிடையாது. இங்கிலாந்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வரவேண்டும். பொறியை அறிந்த கைத்தொழிலரும் அயல்நாட்டினரே. ஏதேனும் உறுப்பு உடைந்தால் ஊர்த் தச்சனால் சரிசெய்ய முடியாது. காற்றாலை உடைந்தாலோ அடுத்த ஊர்த் தச்சன் வந்து நிமிர்த்திவிடுவான். சிறிய வயற்பரப்புக்கு ஆலையே ஏற்றதாக இருந்தது. சில நாட்கள் வயல் ஈரமாயிருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் கரிக்குப் பணம் கொட்டுவதைப் பொறுக்க இயலாது. ஆகவே அவர்கள் அறியாமையால் ஆலையைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. கணக்குப் பார்த்தே வைத்திருந்தனர்.

‘நீர் ஓநாய்’

கணக்கை மாற்றியது ஹார்லம் ஏரி. அதற்கு மக்கள் இட்ட பெயர் ‘நீர் ஓநாய்’. தென்மேற்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் அது வடகிழக்குக் கரையைக் கடித்துத் தின்றது. ஊர்கள் சில அதனுள் மறைந்தன. லேக்வாட்டருக்குப் பின்னரும் அறிஞர் பலர் அதனை வற்றச் செய்யத் திட்டம் வகுத்தனர். எதுவும் கைகூடவில்லை. செலவு ஒரு தடை. மற்றொன்று நகரங்களின் நலம். ஏரியில் மீன்பிடி உரிமையும் படகுப் போக்குவரத்தும் இருந்தன. அதனினும் பெரியது, அவ்வேரியே ரைன்லாந்தின் நீர்த்தேக்கமாக இருந்தமை. அதனை அடைத்துவிட்டால் சுற்றுப்புறத்து ஆலைகள் இறைக்கும் நீர் எங்கே போகும் என்ற அச்சம் நீர்வாரியத்துக்கு இருந்தது.

1836-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் எழுந்த புயல், ஏரி நீரை ஆம்ஸ்டர்டாம் நகர வாயில்வரை கொண்டு வந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் எதிர்த் திசையிலிருந்து எழுந்த மற்றொரு புயல், நீரை லைடன் நகரத் தெருக்களுக்குள் செலுத்தியது. இரண்டு பெருநகரங்கள் ஒரே மாரியில் அஞ்சி நடுங்கின. முதலாம் வில்லியம் மன்னர் 1837-இல் ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தார். 1839-இல் சட்டம் நிறைவேறியது. 1840-இல் ஏரியைச் சுற்றிக் கரையும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுக் கால்வாயும் அமைக்கும் பணி தொடங்கியது.

அப்போதுதான், இறைப்பது காற்றா நீராவியா என்னும் வழக்கு முற்றியது. நாட்டின் பழக்கமும் ஆலைத் தச்சரின் திறமையும் காற்றின் பக்கம் நின்றன. மறுபக்கம் நின்றது காலம். ஏரியில் இருந்த நீர் ஏறத்தாழ 80 கோடி கன மீட்டர். ஆழம் நான்கு மீட்டர் அளவு. ஆலையால் முடியாது என்பதன்று. எப்போது முடியும் என்று எவராலும் உறுதி கூற இயலாது என்பதே இடர். ஒரு மாரியில் காற்று ஓய்ந்து மழை மிகுந்தால், முன் ஆண்டு இறைத்தது வீணாகும். அதுவரை செலவிட்ட பணத்துக்கு வட்டி ஏறும். கரையைக் காக்கும் செலவும் தொடரும். பேம்ஸ்டரிலேயே 1610-இல் கடற்கரை உடைந்து ஏரி மீண்டும் நிரம்பிய கசப்பை அவர்கள் மறந்திலர். பணி நீளுந்தோறும் அத்தகைய இடருக்கும் இடம் மிகும்.

முடிவில் நீராவியே தேர்ந்தெடுக்கப்பட்டது. சோசப் கிப்சு, ஆர்தர் டீன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இருவர் வரைந்த திட்டத்தின்படி மூன்று இறைப்பு நிலையங்கள் எழுந்தன. ஏரியை வற்றச் செய்ய முன்னரே கனவு கண்ட மூவரின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன: லேக்வாட்டர், குருக்கியஸ், லிண்டன். காற்றை நம்பி 160 ஆலை கேட்டவரின் பெயரைக் கரியால் இயங்கும் பொறி தாங்கிற்று.

குருக்கியஸ் பொறியின் பெரிய உருளை 144 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.66 மீட்டர் குறுக்களவு உடையது. எட்டு இறைப்பான்கள் ஒரு முறை எழுந்தால் 64 கன மீட்டர் நீர் மேலேறும். நிமிடத்துக்கு ஐந்து முறை. ஆக 320 கன மீட்டர். உயரமோ ஐந்து மீட்டர். மேலே கூறிய ஆலைக் கணக்கோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல காற்றில் ஆறு ஆலைகள் சேர்ந்தே இவ்வளவு நீரைத் தரும். அவ்வுயரத்துக்கு ஏற்ற ஒவ்வொன்றுக்கும் மூன்று படியாவது வேண்டும். ஆக, ஒரு பொறி ஏறத்தாழ இருபது ஆலைகளுக்குச் சமம். அதுவும் காற்று நன்றாக வீசும் நேரத்தில் மட்டுமே. காற்றில்லா நாளில் இருநூறு ஆலைகளும் ஒரு பொறிக்கு ஈடாகா.

1848-இல் லேக்வாட்டர் பொறி இறைக்கத் தொடங்கியது. மறு ஆண்டில் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. 1852-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஏரி வற்றிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் நிலம் கிடைத்தது. இன்று சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானத்தில் ஆம்ஸ்டர்டாம் செல்வோர் இறங்கும் ஷிப்போல் நிலையம், அந்நாளைய ஏரியின் அடித்தரையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் கீழே அமைந்திருக்கிறது.

வென்றவன் வீட்டுச் செலவு

இத்துடன் கதையை முடித்துவிடுவது நேர்மையாகாது. நீராவியின் ஏட்டிலும் மறைந்த வரிகள் உண்டு. ஏரி மறைந்ததும் ரைன்லாந்து தன் நீர்த்தேக்கத்தை இழந்தது. அதற்கு ஈடாக 1846-இல் ஸ்பார்ன்டாமிலும், 1850-களில் ஹால்ஃப்வேக், கவுடா என்னும் இடங்களிலும் வேறு நீராவி நிலையங்கள் கட்ட நேர்ந்தது. ஏரியை இறைக்கும் செலவு என்று முதலில் எண்ணியதில் இவை அடங்கியிருந்தால்தான் கணக்கு முழுமை பெறும். புதுநிலத்தில் முதலில் குடியேறிய ஏழை உழவர் சேற்றிலும் நோயிலும் பட்ட பாட்டை எந்தத் தொகையாலும் அளக்க இயலாது. மேலும், ஏரி வற்றியதோடு இறைப்பு முடிந்துவிடவில்லை. மழை பெய்யும்வரை, நிலத்தடியில் நீர் ஊறும்வரை, இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குருக்கியஸ் பொறி 1930-கள்வரை உழைத்துப் பின்னர் அருங்காட்சியகம் ஆயிற்று. அதன் பணியை டீசலும் மின்னும் ஏற்றன. புல்கரி நிலமோ இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்ந்துகொண்டே வருகிறது.

காற்றாலைகளும் உடனே மறைந்துவிடவில்லை. கிண்டர்டைக் என்னும் ஊரில் 1738, 1740 ஆகிய ஆண்டுகளில் கட்டிய ஆலை வரிசைகள் புகழ்பெற்றவை. 1868-இல் அங்கே நீராவி நிலையங்கள் அமைந்தன. எனினும் ஆலைகள் அவற்றோடு சேர்ந்தே உழைத்தன: காற்று இருக்கும்போது ஆலை, இல்லாதபோது பொறி. இரண்டாம் உலகப் போரில் எரிபொருளுக்குப் பஞ்சம் வந்தபோது அவ்வாலைகளே மீண்டும் நிலத்தைக் காத்தன. கரி வரும் வழி அடைபட்ட நாளில், காற்று எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வந்தது. காத்திருப்பது காற்றுக்கு மட்டும் உரிய குறையன்று என்பதை அந்நாட்டார் அப்போது உணர்ந்தனர். ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஆலைகள் சுழன்ற அந்நாட்டில் இன்று ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டனவே எஞ்சியுள்ளன. அவற்றையும் காத்து நிற்போர் பெரும்பாலும் கூலி பெறாத தொண்டர்கள். ஆலை ஓட்டும் அவர்தம் கைத்திறனை யுனெஸ்கோ 2017-இல் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இன்றைய ஆலைகள்

இப்போது காற்றாலை நீரை இறைப்பதில்லை, மின்சாரம் தருகிறது. கருவி மாறினும் கேள்விகள் மாறவில்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு குன்றின்மேல் 1941-ஆம் ஆண்டில் 1,250 கிலோவாட் ஆற்றலுள்ள ஆலை நிறுவப்பட்டது. அத்துணைப் பெரிய காற்று மின்னாலை அதற்குமுன் உலகில் இல்லை. 1943-இல் அதன் அச்சுத்தாங்கி ஒன்று பழுதுற்றது. போர்க்காலம் ஆதலின் மாற்று உறுப்புக் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 1945 மார்ச்சில் மீண்டும் சுழலத் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஓர் இறக்கை முறிந்து விழுந்தது. மேலும் செலவிட்டால் விளையும் மின்சாரம் அதற்கு ஈடாகாது என்று கணக்கிட்ட நிறுவனம் முயற்சியைக் கைவிட்டது. காற்று அக்குன்றின்மேல் வீசிக்கொண்டுதான் இருந்தது. இல்லாமற் போனது உறுப்பு ஒன்றே.

தமிழகத்தில் 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய முயற்சி, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகளாக வளர்ந்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிற்கும் ஆலைக் காட்டைக் கன்னியாகுமரி சென்ற அன்பர்கள் கண்டிருப்பர். அங்கே தென்மேற்குப் பருவமாகிய மே முதல் செப்டம்பர் வரையே காற்று மிகுதி. ஆதலால், பருவத்தில் மிகுந்த மின்சாரத்தை மின்வாரியத்திடம் கொடுத்து வைத்துப் பிற திங்களில் திரும்பப் பெறும் ‘வங்கி’ முறை அங்கே ஏற்பட்டது. ஆனால் நெல்லைப்போல் மின்சாரத்தைக் குதிரில் கொட்டி வைக்க இயலாது. திரும்பக் கொடுக்கும் நாளில் வாரியம் வேறு வழியில் அதனை விளைவித்தோ விலைக்கு வாங்கியோ கொடுக்க வேண்டும். அவ்வேறுபாட்டுச் செலவை ஆலை உடையவர் ஏற்பதா, வாரியம் ஏற்பதா என்பது நெடுநாள் வழக்கு. காற்று மிகுந்த நாட்களில் மின்தடம் தாங்காமையால் ஆலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள் என்ற முறையீடும் அங்கே எழுந்தது. கொடியும் விளக்கும் காட்டி இறைப்பை நிறுத்திய ஒல்லாந்தின் பழங்கதை இங்கு நினைவுக்கு வராமற் போகாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சிறு சான்று உண்டு. 2007-ஆம் ஆண்டில் பெர்ஹெந்தியான் தீவில் இரண்டு காற்றாலைகள் நிறுவப்பட்டபோது, அவற்றோடு கதிரவன் ஒளித் தகடுகளும், மின்கல அடுக்கும், டீசல் பொறியும் சேர்த்தே அமைக்கப்பட்டன. காற்று ஓயும் நேரத்துக்கான துணையை முதலிலேயே கணக்கில் சேர்த்தது நன்று. நிலநடுக்கோட்டை அடுத்த நம் பகுதியில் காற்றின் வேகம் பொதுவாகக் குறைவு. மும்மடிப் பெருக்கக் கணக்கை அறிந்தவர்க்கு அதன் விளைவு எளிதில் விளங்கும்.

இவற்றால் காற்றாலை பயனற்றது என்று முடிவு கட்டுவோர் ஒல்லாந்தர் வரலாற்றைப் பாதியளவே படித்தவராவர். அந்நாடு அழியாமல் நின்றதே காற்றாலையால்தான். காற்று இலவசம் ஆதலின் மின்சாரமும் இலவசம் என்போரோ மறுபாதியைப் படியாதவர். நிலக்கரிக்கும் புகை, சுரங்கம், கப்பல், போர் என மறைந்த செலவுகள் உள்ளன. எந்த ஆற்றலாயினும் அதன்முன் வைக்க வேண்டிய கேள்விகள் இவை: கட்ட எவ்வளவு? பேண எவ்வளவு? அது வராத நாளில் என்ன செய்வோம், அதற்கான செலவை யார் ஏற்பர்? முதற் கேள்விக்கு விற்பவரே விடை கூறிவிடுவர். மற்றவற்றை நாம்தாம் கேட்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்கள் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதை வகுப்பில் விளக்கும்போது, இக்கேள்விகளையும் மாணவர் முன் வைத்துப் பார்க்கலாம். தூற்றாத நாளில் களத்தில் கிடந்த நெல்லை யார் காத்தார், மழை வந்தால் யார் மூடினார், அவருக்குக் கூலி யார் கொடுத்தார் என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அவன் பழமொழியையும் அறிந்துகொண்டான், கணக்கையும் கற்றுக்கொண்டான்.